வில்லையும் வினவியும்

இரவு நேரத்தில் வாயிற்கதவு தட்டப்பட்டால், உள்ளிருப்பவர் "யாரது?" என்று கேட்பது வழக்கம். கேட்டபின் சற்றே பேசாதிருந்து மறுமொழிக்குச் செவி சாய்ப்பதும் வழக்கம். கேட்டுக்கொண்டே இருந்தால் வந்தவர் கூறும் விடை காதில் விழாது. கேளாமலே இருந்தால் அவர் திரும்பிப் போய்விடுவார். வாயிலில் பலர் நின்றால், ஒருவர்பின் ஒருவராகப் பேசும்படி சொல்ல வேண்டியிருக்கும். குழந்தையும் அறிந்த இந்த ஒழுங்கினை ஓர் எந்திரத்துக்குக் கற்பிக்க விஞ்ஞானிகளுக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த எந்திரத்தின் கதையையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நாம் இருப்பது வட, மத்திய அந்தமான் மாவட்டத்தின் தலைமையிடமாகிய மாயாபந்தர். தீவுகளின் தலைநகரிலிருந்து சாலை வழியே சுமார் 240 கிலோமீட்டர் வடக்கே, கழிமுகங்களும் சதுப்புக் காடுகளும் சூழ அமைந்த சிற்றூர். மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் நம் மேசைக்குப் பலவகைத் தாள்கள் வந்து சேரும். சில ஆண்டுகளுக்குமுன், தமிழறிந்த ஊழியர் சிலர் கேட்டுக்கொண்டதால், வருகைப் பதிவுக் கருவி ஒன்றின் குறிப்பேட்டைத் தமிழாக்க நேர்ந்தது. அட்டையை அருகே காட்டினால் வானொலி அலையால் அடையாளம் கண்டு பதிவு செய்யும் கருவி அது. அதில் ஓர் அதிகாரம் முழுவதும் அக்கருவியின் கட்டுப்பாட்டு அமைப்பு எந்தெந்த முறைகளில் இயங்கும் என்பதைப் பற்றியது. அந்த அதிகாரமே இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோல்.

மொழிபெயர்ப்பவனுக்கு முதலில் வேண்டுவன சொற்கள். அடையாளம் தாங்கிய சிறு பொருளை 'வில்லை' என்று வழங்கினோம். பழைய கச்சேரிகளில் மார்பில் பித்தளை வில்லை அணிந்து நின்ற சேவகரை 'வில்லைச் சேவகர்' என்று நம் முன்னோர் அழைத்தனர். அணிந்தவர் வாய் திறவாமலே இன்னார் என்று காட்டுவது அது. அலையை அனுப்பி விடை பெறும் கருவியை 'வினவி' என்றோம். வினவி எப்பொழுது கேட்க வேண்டும், எப்பொழுது ஓய வேண்டும், பெற்ற விடையை யாரிடம் சேர்க்க வேண்டும் என்று ஆணையிடும் உறுப்பு 'கட்டுப்படுத்தி'. அது கொள்ளும் ஒழுங்குகளே 'இயங்குமுறைகள்'.

வில்லை என்பது இத்தீவுகளுக்குப் புதிதன்று. 1858-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆங்கிலேயர் போர்ட் பிளேயரில் தண்டனைக் குடியிருப்பைத் தொடங்கினர். 2024 முதல் அந்நகர் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ளது. கடல் கடத்தப்பட்ட கைதியின் கழுத்தில் மரச்சீட்டு ஒன்று தொங்கவிடப்பட்டது. கைதியின் எண், குற்றத்துக்குரிய சட்டப் பிரிவு, தண்டனை விதித்த நாள், விடுதலைக்குரிய நாள் ஆகியவை அதில் பொறிக்கப்பட்டிருந்தன. காவலர் அவரிடம் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை; சீட்டைப் பார்த்தால் போதும். அணிந்தவருக்கோ அதை மறைக்கும் உரிமை இல்லை.

காட்டிலும் இதே கதைதான். 1925-ஆம் ஆண்டில் பர்மாவிலிருந்து காட்டு வேலைக்காகக் கரேன் மக்கள் அழைத்து வரப்பட்டு, மாயாபந்தரையடுத்த வெபி முதலிய இடங்களில் குடியேறினர். படாக் மரங்களை வீழ்த்தி, யானைகளைக்கொண்டு இழுத்துக் கடற்கரையில் சேர்க்கும் தொழில் இப்பக்கத்தில் நெடுங்காலம் நடந்தது. வனத்துறையினர் வெட்டுமரத்தின் முகப்பில் சுத்தியல் முத்திரை அடித்து அதை அடையாளப்படுத்துவர். கைதியின் சீட்டும் மரத்தின் முத்திரையும் கண்ணால் படிக்கப்படுவன. ஆகவே வெளிச்சமும் அண்மையும் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பார்க்க இயலும். இருளிலும் மேகத்திலும், தொலைவிலிருந்து "யார்?" என்று கேட்க வேண்டிய அவசரம் வந்தபோதுதான் வானொலி அலை இத்துறைக்குள் புகுந்தது.

அவ்வவசரம் இரண்டாம் உலகப்போரில் வந்தது. ராடார் என்னும் சாதனம் வானில் விமானம் வருவதைக் காட்டியது. ஆனால் வருவது தம் விமானமா, பகைவர் விமானமா என்று காட்டவில்லை. ஆகவே பிரிட்டிஷார் தம் விமானங்களில் ஒரு பெட்டியைப் பொருத்தினர். ராடாரின் துடிப்பு தன்மேல் பட்டதும் அப்பெட்டி விடைத் துடிப்பை அனுப்பும். விடை வந்தால் நண்பன். இந்த ஏற்பாடு 1939-ஆம் ஆண்டையொட்டிப் பழக்கத்துக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் திருத்தம் பெற்றது.

இயங்குமுறை என்ற கருத்து வேரூன்றியதும் இத்துறையில்தான். 1950-களில் ஒரே அலைவரிசையில் வெவ்வேறு கேள்விகளைக் கேட்கும் வழி உருவாயிற்று. தரையிலிருந்து செல்லும் இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட காலமே கேள்வியின் பொருளைத் தீர்மானிக்கும். இடைவெளி 8 மைக்ரோ வினாடியாயின், அதாவது வினாடியைப் பத்து லட்சம் கூறாக்கி அவற்றுள் எட்டுக் கூறாயின், "நீ யார்?" என்று பொருள். அதுவே 21 மைக்ரோ வினாடியாயின், "எவ்வளவு உயரத்தில் பறக்கிறாய்?" என்று பொருள். முதற்கேள்விக்கு விமானம் 4,096 எண்களுள் ஒன்றை விடையாகத் தரும். இக்கேள்வி வகைகள் இன்றும் பயணிகள் விமானப் போக்குவரத்தில் உபயோகத்தில் உள்ளன.

விமானப் பெட்டிக்கு மின்சாரம் விமானத்திலேயே உண்டு. தனக்கென்று மின்கலம் இல்லாத ஒரு பொருளும் விடை தர முடியுமா? முடியும் என்பதை உலகம் ஒரு விசித்திரமான சம்பவத்தால் அறிந்தது. 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதர் ஆவரெல் ஹாரிமனுக்குச் சோவியத் பள்ளிச் சிறுவர்கள் மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரையைப் பரிசளித்தனர். தூதர் இல்லத்தில் அது பல ஆண்டுகள் தொங்கியது. 1952-ஆம் ஆண்டில்தான் அதனுள்ளே ஒற்றுக் கருவி ஒன்று இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. இசைக்கருவி ஒன்றால் புகழ்பெற்ற லியோன் தெரமின் அமைத்த கருவி அது. அதில் மின்கலமும் இல்லை, கம்பியும் இல்லை. வெளியிலிருந்து வானொலிக் கற்றை ஒன்றை அதன்மேல் பாய்ச்சும்போது மட்டும், அறையில் எழும் பேச்சுக்கேற்ப அக்கற்றையை அது மாற்றித் திருப்பி அனுப்பியது. கேளாதபோது ஊமை, கேட்டபோது வாயாடி.

அதே காலத்தில், 1948-ஆம் ஆண்டு அக்டோபரில், ஹாரி ஸ்டாக்மன் என்ற பொறியியலார் எதிரொளிக்கும் அலையாற்றலைக்கொண்டு செய்தி அனுப்பும் வழியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். கருத்து இருந்தது, அதற்கு வடிவம் தரும் சிறு மின்னணு உறுப்புகள் அன்று இல்லை. டிரான்சிஸ்டரும் ஒருங்கிணைந்த மின்சுற்றும் வந்தபின்னரே வழி திறந்தது. மாரியோ கார்டுல்லோ என்பவர் நினைவகம் கொண்ட வில்லையைச் சாலைச் சுங்கத்துக்காக 1971-இல் நியூயார்க்கில் செய்து காட்டி, 1973-இல் காப்புரிமை பெற்றார். 1975-ஆம் ஆண்டில் லாஸ் அலமோஸ் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த மூவர், வினவியின் அலையை மாற்றித் திருப்பும் வில்லைகளைப் பற்றி எழுதினர். கால்நடைகளை இனங்காண்பது அவர்கள் கருதிய பயன்களுள் ஒன்று. 1987-இல் நார்வே நாட்டின் ஓலெசுண்ட் நகரில் வாகனச் சுங்கம் இம்முறையில் வசூலிக்கப்படலாயிற்று. இந்தியாவில் 2014-இல் தொடங்கிய 'ஃபாஸ்டாக்', 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி நடுவிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் கட்டாயமாயிற்று.

இனிக் கட்டுப்படுத்தியின் முறைகளைப் பார்ப்போம். மிகப் பழையது இடைவிடாமல் வினவும் முறை. வினவி எந்நேரமும் அலை பரப்பிக்கொண்டே இருக்கும். எந்த வில்லை எல்லைக்குள் வந்தாலும் அதன் எண் உடனே படிக்கப்படும். கடைவாயிலில் களவைத் தடுக்க 1960-களில் வந்த சாதனங்கள் இவ்வகையின. இதற்கு வேகம் உண்டு. ஆனால் மின்செலவும் உண்டு. வாயிலருகே சும்மா நிற்கும் ஒருவரின் வில்லை நூறுமுறை படிக்கப்படும் தொல்லையும் உண்டு.

அடுத்தது குறிப்பறிந்து வினவும் முறை. வினவி உறங்கிக்கொண்டிருக்கும், ஒளிக்கற்றை தடைப்பட்டாலோ, வண்டியின் உலோகத்தைத் தரையடிச் சுருள் உணர்ந்தாலோ, ஒருவர் விசையை அழுத்தினாலோ விழித்துச் சிறிது நேரம் கேட்டுவிட்டு மீண்டும் உறங்கும். மாயாபந்தரையடுத்த கர்மாதாங் கடற்கரையில் கடலாமைகள் முட்டையிட வருவதை நேயர்கள் அறிந்திருக்கலாம். உலகின் பல கரைகளில், ஆமையின் தோள் தசையில் அரிசிமணியைவிடச் சற்றே பெரிய வில்லையைச் செலுத்தி, அது மீண்டும் கரையேறும்போது அடையாளம் காண்கின்றனர். ஆராய்ச்சியாளர் கையிலுள்ள வினவியை அருகே பிடித்து விசையை அழுத்துகிறார். ஓர் அழுத்தம், ஒரு கேள்வி, ஒரு விடை. மின்கலத்தோடு இரவெல்லாம் நடப்பவருக்கு இம்முறையே உகந்தது.

மூன்றாவது, ஆணை பெற்று வினவும் முறை. இதில் வினவிக்குத் தன்விருப்பம் கிடையாது. தலைமைக் கணிப்பொறி "இப்போது கேள்" என்றால் கேட்கும், இல்லையேல் வாளாவிருக்கும். பல வாயில்களும் பல வினவிகளும் உள்ள இடத்தில் ஒழுங்கு காக்க இது உதவும். ஆனால் தலைமைக்கும் வினவிக்கும் இடையிலுள்ள தொடர்பு அறுந்தால் அந்த நொடியே வாயில் குருடாகிவிடும். இந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

வில்லைகள் பெருகியபோது வேறொரு சிக்கல் எழுந்தது. நூறு பெட்டிகள் ஒரே நேரத்தில் "நான், நான்" என்று கூவினால் ஒன்றும் விளங்காது. இதற்கு மருந்து ஒரு தீவுக் கூட்டத்திலிருந்து வந்தது என்பது தீவுவாசிகளாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பசிபிக் கடலின் ஹவாய்த் தீவுகளில், கம்பி இழுக்க வழியில்லாத இடங்களைப் பல்கலைக்கழகக் கணிப்பொறியோடு இணைக்க நார்மன் ஏப்ராம்சன் என்ற பேராசிரியர் 1971-ஆம் ஆண்டு வானொலி வலை ஒன்றை இயக்கினார். 'அலோகா' என்பது அதன் பெயர். எவரும் எப்பொழுதும் அனுப்பலாம். இரண்டு செய்திகள் மோதினால் இரண்டும் வெவ்வேறு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். இம்முறையில் அலைவழியின் திறனில் அதிகமாகப் போனால் 18 விழுக்காடே பயன்படும். காலத்தைச் சம கூறுகளாகப் பகுத்து, கூற்றின் தொடக்கத்தில் மட்டுமே பேசலாம் என்று 1972-இல் லாரன்ஸ் ராபர்ட்ஸ் விதித்தபோது அது இருமடங்காகி 37 விழுக்காட்டை எட்டிற்று.

2004-ஆம் ஆண்டு இறுதியில் வகுக்கப்பட்ட இரண்டாம் தலைமுறை வில்லை விதிகள் இதையே தழுவின. வினவி, "பதினாறு இருக்கைகள் உள்ளன, ஆளுக்கொன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்" என்பதுபோல் அறிவிக்கும். ஒவ்வொரு வில்லையும் சீட்டுக் குலுக்குவதுபோல ஓர் எண்ணைத் தானே தேர்ந்து, தன்முறை வரும்வரை காத்திருக்கும். ஓரிருக்கையில் இருவர் அமர்ந்து மோதல் மிகுந்தால், அடுத்த சுற்றில் கட்டுப்படுத்தி இருக்கைகளைக் கூட்டும்; வெற்றிருக்கை மிகுந்தால் குறைக்கும். படிக்கப்பட்ட வில்லை சிறிது நேரம் அடங்கியிருந்து பிறர்க்கு வழிவிடும். இவ்வாறு ஒரு வினாடியில் நூற்றுக்கணக்கான வில்லைகளைப் படிக்க முடிகிறது. வினவிகளே பலவாய் நெருங்கிய கிடங்குகளுக்கென்றும் அவ்விதிகள் ஒரு முறையைத் தந்துள்ளன. வினவிகளின் உரத்த குரல் ஒரு பகுதியிலும், வில்லைகளின் மெல்லிய விடை அதற்கு விலகிய மற்றொரு பகுதியிலும் அமையுமாறு அலைவரிசையைப் பங்கிடுவது அது. இந்தியாவில் இவ்வகைக் கருவிகளுக்கு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது.

கேட்பவன் மௌனமாயிருப்பதன் பெருமையை மிகத் தெளிவாகக் காட்டுவது விலங்குகளுக்கான முறை. 1996-இல் வெளியான உலகத் தர விதிகளின்படி, விலங்கின் உடலில் செலுத்தும் வில்லை 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைக்கு விடை தரும். விடை பதினைந்து இலக்க எண். ஆனால் அன்று சந்தையில் இருவகை வில்லைகள் இருந்தன. ஒருவகை வினவி பேசும்போதே உடன்பேசும். மற்றொரு வகை, வினவி பேசும்வரை அதன் ஆற்றலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அது ஓய்ந்த பின்னரே வாய் திறக்கும். இரண்டையும் விலக்காமல் ஏற்க விதி வகுத்தனர். வினவி 50 மில்லி வினாடி அலை பரப்ப வேண்டும். பிறகு 3 மில்லி வினாடி ஓய வேண்டும். அவ்வோய்வில் இரண்டாம் வகையின் குரல் கேட்டால் ஓய்வை 20 மில்லி வினாடிவரை நீட்ட வேண்டும். முதல் வகையின் விடை பாதியில் நின்றால் பேச்சை 100 மில்லி வினாடிவரை நீட்டலாம். இந்த 3 மில்லி வினாடி மௌனம் இல்லையெனில், பல்லாயிரம் விலங்குகள் உடலில் வில்லை இருந்தும் இல்லாதவையாகவே கணக்கிடப்பட்டிருக்கும். நம் நாட்டில் வளர்ப்பு யானைகளின் உடலில் செலுத்தப்படுவதும் இத்தகைய வில்லையே. யானையை விற்றாலும் மாற்றினாலும் எண் மாறாது.

இனி நம் மேசைக்கு வந்த குறிப்பேட்டின் கதைக்குத் திரும்புவோம். மாயாபந்தரில் மே மாதம் தொடங்கும் மழை ஆண்டிறுதிவரை விட்டுவிட்டுப் பெய்யும். புயற்காற்று வீசும் நாட்களில் கப்பலும் நிற்கும். செய்தித் தொடர்பும் அறும். அத்தகைய மூன்று நாட்களில், ஓர் அலுவலகத்தின் கடைநிலை ஊழியர் சிலர் முழங்காலளவு நீரில் நடந்து பணிக்கு வந்து, வழக்கம்போல் அட்டையைக் காட்டினர். கருவி சிவப்பு விளக்கைக் காட்டிற்று. மாத இறுதியில் மூன்று நாள் ஊதியம் பிடிக்கப்பட்டது. "எந்திரம் பொய் சொல்லுமா?" என்று கேட்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் குறிப்பேட்டின் அந்த அதிகாரத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு, "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லுங்கள், ஐயா" என்று நம்மிடம் வந்தார்.

படித்தபோது விஷயம் விளங்கிற்று. அக்கருவிக்கு இருமுறைகள் இருந்தன. ஒன்று, ஒவ்வோர் அட்டைக்கும் தொலைவிலுள்ள தலைமைக் கணிப்பொறியின் ஒப்புதலைக் கேட்டு, ஒப்புதல் வந்தாலன்றிப் பதியாத முறை. மற்றொன்று, தொடர்பு அறுந்தால் எண்ணையும் நேரத்தையும் தன்னிடமே சேமித்து வைத்து, தொடர்பு மீண்டதும் அனுப்பும் முறை. பொருத்தியவர்கள் முதல் முறையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தனர். எந்திரம் பொய் சொல்லவில்லை. தான் கேட்ட இடத்திலிருந்து விடை வரவில்லை என்றுதான் சொன்னது. அதை "ஆள் வரவில்லை" என்று மொழிபெயர்த்தவர்கள் மனிதர்களே. நாம் அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தோம். ஊழியர்கள் அதை மனுவோடு இணைத்தனர். இரண்டு மாதங்களுக்குப்பின் ஊதியம் திரும்பக் கிடைத்தது. கருவியும் இரண்டாம் முறைக்கு மாற்றப்பட்டது. நம் பணிக்காலத்தில் நாம் செய்த மொழிபெயர்ப்புகளுள் பத்து வரிக்குமேல் போகாத அந்த ஒன்று மட்டும் மனத்தை விட்டு அகலவில்லை.

இயங்குமுறையைத் தேர்வது பொறியியலாரின் தனி உரிமை என்று நாம் எண்ணிவிடலாகாது. கேள்வி தோற்றுப்போனால் அதன் சுமையை யார் தாங்குவது என்பதும் அத்தேர்விலேயே அடங்கியிருக்கிறது. ஒப்புதல் வரும்வரை மறுக்கும் முறையில் சுமை வில்லை தாங்கியவர்மேல் விழுகிறது. சேமித்து வைக்கும் முறையில் அது வினவியை வைத்தவர்மேல் விழுகிறது. பண்டகசாலையின் பெட்டிக்கு இவ்வேறுபாடு பெரிதன்று. நாட்கூலி பெறுபவருக்கோ அது ஒரு வேளை உணவு.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். பழங்காலக் கைதி தன் மரச்சீட்டைக் காவலர் படிக்கும்போது அதை அறிவான். இன்றைய எளிய வில்லையோ, உரிய அலையில் யார் கேட்டாலும் விடை சொல்லிவிடும். தாங்கியவருக்குத் தெரியவே தெரியாது. இதை உணர்ந்தே 2004-ஆம் ஆண்டின் விதிகள், இரகசிய எண் ஒன்றைக் கொடுத்து வில்லையை நிரந்தரமாக ஊமையாக்கும் ஆணைக்கும் இடம் வைத்தன. கேட்கும் முறைகளை வகுத்தவர்களே, இனிக் கேட்க இயலாதபடி செய்யும் முறையையும் உடன் வகுத்தது பாராட்டத்தக்கது.

மாயாபந்தரிலிருந்து படகில் சென்றால் இன்டர்வியூ தீவு என்னும் தீவை அடையலாம். 1960-களின் தொடக்கத்தில் மரத்தொழில் நடத்திய தனியார் நிறுவனம் ஒன்று நொடித்துப்போனபோது, அது கொண்டுவந்திருந்த யானைகள் அங்கே கைவிடப்பட்டன. பாகன் இட்ட பெயரால் அழைக்கப்பட்டு, கட்டளை கேட்டு மரம் இழுத்த அவ்விலங்குகள் காட்டு யானைகளாயின; அவற்றின் வழித்தோன்றல்கள் அத்தீவில் திரிந்தன. அவற்றைப் பெயர் சொல்லி அழைக்க ஒருவரும் இல்லை. அடையாளம் இல்லாதிருப்பது துன்பமா, விடுதலையா என்று அவற்றைக் கேட்டறிய முடியாது. ஆனால் மனிதருள் ஒருவர் மழையில் நனைந்து வந்து "நான் வந்திருக்கிறேன்" என்று அட்டையை நீட்டும்போது, அதைக் கேட்டுப் பதிந்து வைக்கும் முறையில் நம் கருவிகள் இருக்க வேண்டும். கருவிகளை வாங்குவோரும் பொருத்துவோரும் குறிப்பேட்டின் அந்த அதிகாரத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பார்களாக.